பெஸ் 6, வின்னிங் லெவன்: சென்னையில் இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கும் கேள்விகள்

பிளேஸ்டேஷன் 2 என்ற வீடியோ கேம் பெட்டியில் பெஸ் என்ற ஃபுட்பால் கேம் ஆடி வளர்ந்த பசங்க இப்போது முப்பதைத் தாண்டிவிட்டார்கள். ஈ.எம்.ஐ., பிள்ளைக்கு ஸ்கூல் அட்மிஷன் என்று ஓடிக்கொண்டிருப்பவர்கள் ஒரு பொங்கல் லீவில் பரணிலிருந்து அந்தக் கறுப்புப் பெட்டியை இறக்குகிறார்கள். அன்று சாயங்காலமே போன் வருகிறது. கேட்பது பெரும்பாலும் இதே கேள்விகள்தான். "அந்த கேம்ல அப்படி என்னதான் இருந்துச்சு?" என்று கேட்கும் தம்பிகளும் உண்டு. இரண்டு தரப்புக்கும் சேர்த்து எழுதியிருக்கிறேன். போட்டி கேமான ஃபிஃபாவின் ரசிகர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளவும்.

வின்னிங் லெவன், பெஸ், ஐ.எஸ்.எஸ். எல்லாம் ஒரே கேமா?

ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஜப்பானின் கோனாமி நிறுவனத்துக்குள் 90களில் இரண்டு குழுக்கள் தனித்தனியாக ஃபுட்பால் கேம் செய்துகொண்டிருந்தன. ஒசாகா குழுவுடையது 1994ல் வந்த இன்டர்நேஷனல் சூப்பர்ஸ்டார் சாக்கர் (ஐ.எஸ்.எஸ்.). டோக்கியோ குழு 1995ல் ஜப்பானின் ஜே லீக்கை வைத்து, முதல் பிளேஸ்டேஷனுக்காக வின்னிங் லெவனை ஆரம்பித்தது. 'சீபாஸ்' என்ற பட்டப்பெயரால் உலகமே அறிந்த ஷிங்கோ தகாட்சுகா இந்த டோக்கியோ ஆள்தான். இந்த வரிசை 2001லிருந்து ஐரோப்பாவில் ப்ரோ எவல்யூஷன் சாக்கர் என்ற பெயரில் விற்றது. சுருக்கமாக பெஸ்.

ஜப்பானில் 2006 ஏப்ரலில் வந்த வின்னிங் லெவன் 10ம், அதே வருடம் அக்டோபரில் ஐரோப்பாவில் வந்த பெஸ் 6ம் அடிப்படையில் ஒரே ஆட்டம். சென்னைக்கு இரண்டு டிஸ்க்குமே வந்து சேர்ந்ததால் ஒரே தெருவில் ஒருத்தன் 'வின்னிங் லெவன்' என்பான், இன்னொருத்தன் 'பெஸ்' என்பான். உள்ளே போட்டால் கேமின் கற்பனை ஆட்டக்காரர் அதே கஸ்டோலோ.

ஏன் எல்லோரும் 6 என்றே சொல்கிறார்கள்? 5 தானே நல்ல கேம்?

இந்தச் சண்டை தீராது. பெஸ் 5 கனமான ஆட்டம். டிஃபென்ஸ் இறுக்கமாக இருக்கும், ஒரு கோல் போடவே உயிர் போகும், ரெஃப்ரி மூச்சு விட்டாலும் விசில் ஊதுவார். தோள் உரசினால் ஃபவுல். நிதானமாகப் பந்தைச் சுற்றவிட்டு ஆடுகிறவர்களுக்கு 5 பிடிக்கும். அது நியாயமும்கூட.

6ல் கோனாமி கொஞ்சம் கயிற்றைத் தளர்த்திவிட்டது. ஷாட் சுலபமாக விழும், வேகம் கூடியது, ஃபவுலுக்குப் பிறகு உடனே ஃப்ரீ கிக் எடுத்துவிட்டு ஓடலாம். தனியாக உட்கார்ந்து ஆட 5, நாலு பேர் சுற்றி நின்று கத்திக்கொண்டே ஆட 6. சென்னையில் தனியாக ஆட யாருக்கு இடம் இருந்தது? அதனால் இங்கே 6 ஜெயித்தது.

இன்னொரு காரணம், காலம். 2006 உலகக் கோப்பை முடிந்த கையோடு வந்த கேம் அது. அந்தக் கோடையில் இரவெல்லாம் விழித்து மேட்ச் பார்த்த கண்களுக்கு, அதே ஆட்கள் கையில் கிடைத்தார்கள். ரொனால்டினோ, ஹென்றி, கன்னவாரோ, அப்போதுதான் வளர்ந்துவந்த மெஸ்ஸி.

ஃபிஃபாவில் கில்லியாக இருப்பவன் பெஸ்ஸில் ஏன் திணறுகிறான்?

முதல் காரணம் பொத்தான். பெஸ்ஸில் எக்ஸ் பாஸ், சதுரம் ஷாட், வட்டம் உயரப் பந்து, முக்கோணம் த்ரூ பால். ஃபிஃபாவில் ஷாட் வட்டத்தில், க்ராஸ் சதுரத்தில். அதாவது இரண்டும் நேர் தலைகீழ். கோல்கீப்பரோடு ஒத்தைக்கு ஒத்தை நிற்கும்போது ஃபிஃபாக்காரன் பழக்க தோஷத்தில் வட்டத்தை அழுத்துவான். பந்து அழகாக வளைந்து கார்னர் கொடியைப் பார்த்துப் பறக்கும். ரூமே சிரிக்கும். செட்டிங்ஸில் மாற்றிக்கொள்ளலாம் என்பது தெரிந்தாலும் யாரும் மாற்றித் தர மாட்டார்கள்.

இரண்டாவது காரணம் ஆழமானது. அந்தக் காலத்து ஃபிஃபாவில் பந்து காலோடு ஒட்டிக்கொண்டு வரும். பெஸ்ஸில் பந்து தனி, ஆள் தனி. ஓடிக்கொண்டே பாஸ் வாங்கினால் முதல் டச் தள்ளிப் போகும். வலதுகால்காரனை இடதுகாலால் அடிக்க வைத்தால் பந்து கேலரிக்குப் போகும். உடம்பு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்க்காமல் பாஸ் கொடுத்தால் பாதி பவர்தான். எட்டுத் திசையில் மட்டுமே திரும்ப முடிகிற ஆட்டம் இது, இன்றைய கணக்கில் பழைய சங்கதி. ஆனாலும் ஒவ்வொருத்தன் திரும்புவதும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு ஆடினாலும் கையில் இருப்பது ரொனால்டினோவா, வேறு ஆளா என்று சொல்லிவிடலாம். என்னைக் கேட்டால் இந்த கேமின் உயிர் அதில்தான் இருக்கிறது. கிராஃபிக்ஸில் இல்லை, லைசென்ஸில் நிச்சயமாக இல்லை.

  

அட்ரியானோவை ஏன் தடை செய்தார்கள்?

கோனாமி செய்யவில்லை, மணிக்கணக்கில் காசு வாங்கி கேம் ஆடவிட்ட கடைக்காரர்கள் செய்தார்கள். பிரேசிலின் அட்ரியானோ, இன்டர் மிலானின் இடதுகால் ஸ்ட்ரைக்கர். பெஸ் 6ல் அவருடைய ஷாட் பவர் 99. அதற்கு மேல் எண்ணே கிடையாது. இந்த கேமில் 95க்கு மேலே போன எண்களைச் சிவப்பில் காட்டுவார்கள். அவருடைய பக்கத்தைத் திறந்தால் அந்தச் சிவப்பு கண்ணில் அறையும். நடுக்கோட்டைத் தாண்டினதும் கொஞ்சம் இடதுபக்கம் ஒதுங்கி, சதுரத்தை முக்கால் அளவுக்கு அழுத்தி விட்டால் போதும். கீப்பர் கை வைத்தாலும் கையோடு சேர்த்து உள்ளே போகும். பக்கத்தில் இப்ராஹிமோவிச் வேறு நிற்பார்.

அதனால் பல இடங்களில் எழுதாத சட்டம் ஒன்று வந்தது: இன்டர் எடுத்தால் அட்ரியானோ பெஞ்சில். சில இடங்களில் 'பாக்ஸுக்கு வெளியே இருந்து அடித்தால் கோல் செல்லாது' என்று திருத்தம் கொண்டுவந்தார்கள். பாக்ஸ் கோட்டில் கால் இருந்ததா என்று ரீப்ளேயை நிறுத்தி நிறுத்திப் பார்த்து நடந்த பஞ்சாயத்துகள் தனிக் கதை. வி.ஏ.ஆர். (வீடியோ ரெஃப்ரி) எல்லாம் எங்களுக்குப் புதுசு இல்லை.

ஆனால் அட்ரியானோவை வெறும் எண்ணாகப் பார்த்துவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. 2004 கோபா அமெரிக்கா ஃபைனலில் அர்ஜென்டினாவுக்கு எதிராகக் கடைசி நிமிடத்தில் சமன் செய்து, பெனால்டியில் பிரேசில் ஜெயிக்கக் காரணமானவர் அவர். அந்தத் தொடரில் 7 கோல், அதிக கோல் அடித்தவரும் அவரே. கோப்பையோடு திரும்பின சில நாளில் அவருடைய அப்பா இறந்துபோனார். அதன் பிறகு மன அழுத்தம், குடி என்று ஆட்டம் சரியத் தொடங்கியதை அவரே பின்னாளில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். 2009ல் இன்டரை விட்டு பிரேசிலுக்கே திரும்பி, ஃப்ளமெங்கோவோடு அந்த வருடமே லீக் ஜெயித்தார். பெஸ் 6 கடைக்கு வந்தபோது நிஜ அட்ரியானோ ஏற்கெனவே தடுமாறிக்கொண்டிருந்தார் என்பது இங்கே ஜாய்ஸ்டிக் பிடித்திருந்த எங்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. எங்களுக்கு அவர் 99, அவ்வளவுதான்.

'லண்டன் எஃப்.சி.' யார்? 'மெர்சிசைட் ரெட்' யார்?

செல்சி, லிவர்பூல். இங்கிலீஷ் லீக்கின் உரிமம் ஃபிஃபா கேமைச் செய்த ஈ.ஏ. நிறுவனத்திடம் இருந்ததால் கோனாமிக்கு பெஸ் 6ல் முழு உரிமத்தோடு கிடைத்தவை ஆர்சனலும் மான்செஸ்டர் யுனைடெட்டும் மட்டும். மற்றவர்களுக்கெல்லாம் ஊர்ப் பெயரை வைத்து ஒப்பேற்றிவிட்டார்கள். மான்செஸ்டர் சிட்டி 'மேன் ப்ளூ', நியூகாசில் 'டைன்சைட்', எவர்டன் 'மெர்சிசைட் ப்ளூ'.

இதில் ஒரு வேடிக்கை. சென்னையில் ஈ.எஸ்.பி.என்., ஸ்டார் ஸ்போர்ட்ஸில் பிரீமியர் லீக் தவறாமல் வரும். அதனால் டிவியில் நன்றாகத் தெரிந்த டீம்கள் கேமில் முகமூடி போட்டுக்கொண்டு நின்றன. டிவியில் அதிகம் பார்க்காத இத்தாலி, ஸ்பெயின், ஹாலந்து டீம்கள் கேமில் நிஜப் பெயரோடு வந்தன. பலெர்மோ ஜெர்சி பிங்க் நிறம் என்று ராயபுரத்துப் பையன் ஒருத்தனுக்குத் தெரிந்திருந்ததற்கு வேறு காரணமே கிடையாது.

முந்தைய பதிப்புகளில் இதைவிட மோசம். பெஸ் 2ல் ஹாலந்து டீம் முழுக்க 'ஆரஞ்சஸ் 001', 'ஆரஞ்சஸ் 002' என்று கைதிகள் மாதிரி எண் போட்டு நிற்கும்.

ஜெர்மன் லீக் எங்கே போச்சு?

கடைசி நேரத்தில் உரிமப் பிரச்சினையால் பண்டஸ்லீகாவைத் தூக்கிவிட்டார்கள். அதற்குப் பதில் 18 வெற்று டீம்களைக் கொண்ட ஒரு லீக் மட்டும் இருக்கும். பெயர், ஜெர்சி, ஆட்கள் எல்லாம் நாமே எடிட் மோடில் போட்டுக்கொள்ளலாம். ஜெர்மனி ரசிகர்கள் பொறுமையாக பண்டஸ்லீகாவைத் திரும்பக் கட்டினார்கள். நம்ம ஊரில் வேறு வேலை நடந்தது. அதைக் கீழே சொல்கிறேன்.

மாஸ்டர் லீக் என்றால் என்ன? அதில் ஏன் இவ்வளவு பாசம்?

ஒரு கிளப்பை எடுத்து, இரண்டாம் டிவிஷனில் தொடங்கி, புள்ளிகள் சம்பாதித்து, ஆட்களை வாங்கி விற்று மேலே கொண்டுவருவது. நிஜ ஆட்களை வைத்தும் தொடங்கலாம். ஆனால் மானமுள்ளவன் எவனும் அப்படித் தொடங்க மாட்டான். கோனாமி கற்பனையாகச் செய்த சாதா ஆட்களைத்தான் எடுப்பான்.

அந்தப் பெயர்களைச் சொன்னால் இன்றைக்கும் சிலருக்குக் கண் கலங்கும். கோலில் இவாரோவ். பின்னால் வலேனி, ஸ்ட்ரெமர், யாரிச். நடுவில் எஸ்பிமாஸ், ஸிமெலெஸ், மினாண்டா. முன்னால் கஸ்டோலோ, ஓர்டாஸ், ஹைலன்ஸ். உலகத்தில் எங்குமே பிறக்காத மனிதர்கள். பெரிய திறமை எதுவும் கிடையாது. இவாரோவ் நேராக வரும் பந்தை நழுவவிடுவார். ஸ்ட்ரெமர் திரும்புவதற்குள் எதிராளி கோல் போட்டுவிட்டுக் கொண்டாட்டத்தையும் முடித்திருப்பான். முதல் சீசன் முழுக்கத் தோல்விதான். சம்பளம் கொடுக்கும் சமயத்தில் புள்ளி பூஜ்ஜியத்துக்குக் கீழே போனால் கேம் ஓவர்; கிளப்பே காலி. அதற்காகவே பாதி சீசனில் யாரை விற்கலாம் என்று நோட்டுப்புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் கணக்குப் போட்டவர்கள் உண்டு. அதே பக்கத்தின் மறுபுறம் கெமிஸ்ட்ரி சமன்பாடு இருக்கும்.

நன்றாக ஆடுகிறவன் மினாண்டாவை விற்க மாட்டான். பணம் வந்து ரிக்கெல்மே மாதிரி ஆளை வாங்கிய பிறகும் மினாண்டா பெஞ்சில் இருப்பார். கடைசிப் பத்து நிமிடத்துக்கு இறக்குவோம். காரணம் கேட்டால் பதில் இல்லை, ஒரு மரியாதை.

வயசானவர்கள் ரிட்டயர் ஆனதும் அதே பெயரில் பதினேழு வயதுப் பையன்களாகத் திரும்ப வருவார்கள். மறுபிறவியில் நம்பிக்கையுள்ள ஊர் என்பதால் இதை யாரும் குறையாகச் சொன்னதில்லை. பதினேழு வயது ஸிடான் எந்த சீசனில் வருவான் என்று காத்திருப்பதே ஒரு தனி ஆட்டம்.

ஆட்டக்காரர் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் அம்புக்குறி என்ன?

அன்றைய ஃபார்ம். சிவப்பு அம்பு நேர் மேலே பார்த்தால் ஆள் தீப்பிடித்த மாதிரி ஆடுவார். கீழே பார்த்தால் எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் உட்காரவைத்துவிடுங்கள். ஹென்றிக்கு அம்பு கீழே இருக்கும் நாளில் அவரைப் பிடிவாதமாக இறக்கித் தோற்றவர்களுக்கு யாரும் அனுதாபப்பட மாட்டார்கள்.

கம்ப்யூட்டர் ஏமாற்றுகிறது, இல்லையா?

ஆறு ஸ்டார் லெவலில் ஆடியவர்கள் எல்லோரும் சத்தியம் செய்வார்கள். (அந்த ஆறாவது ஸ்டார் முதலில் இருக்காது; புள்ளி சேர்த்து கேமுக்குள் இருக்கும் கடையில் வாங்க வேண்டும். அடி வாங்குவதற்குக் காசு கொடுப்பது.) 85வது நிமிடத்துக்குப் பிறகு நம் ஆட்கள் பந்தை மறந்து நிற்பது போலவும், எதிராளி எங்கே தொட்டாலும் பந்து அவனிடமே போவது போலவும் தோன்றும். ஒரே மருந்து சூப்பர் கேன்சல்: ஆர்1, ஆர்2 இரண்டையும் சேர்த்து அழுத்தினால், ஆள் தானாக ஓடிக்கொண்டிருக்கும் கோட்டிலிருந்து விடுபட்டு நம் கைக்கு வருவான். இது தெரிந்தவன், தெரியாதவன் என்று ஆட்டக்காரர்களையே இரண்டு ஜாதியாகப் பிரிக்கலாம்.

சென்னையில் இந்த டிஸ்க் எங்கே கிடைத்தது?

பூசி மெழுக வேண்டாம். பீச் ஸ்டேஷன் எதிரே, ராஜாஜி சாலையில், பர்மா பஜார். இல்லையென்றால் மவுண்ட் ரோடு பக்கத்து ரிச்சி ஸ்ட்ரீட். ஒரிஜினல் டிஸ்க்கின் விலை அப்போது ஒரு காலேஜ் பையனின் மாதச் செலவைத் தின்றுவிடும். அதனால் பெட்டியைத் திறந்து சிப் போடுவார்கள். சிப் போட்ட பெட்டியில் பதிவுசெய்த டி.வி.டி. ஓடும். பிளாஸ்டிக் உறைக்குள் ஜெராக்ஸ் எடுத்த அட்டைப்படம், ஓரத்தில் ஸ்கெட்ச் பேனாவில் 'WE' என்பதற்கான ஜப்பானிய எழுத்துபோல் எதையோ கிறுக்கியிருப்பார்கள்.

வாங்கும்போது, "அண்ணா, கமென்ட்ரி இங்கிலீஷ்தானே?" என்று கேட்டே ஆகவேண்டும். "ஆமா தம்பி, சூப்பர் பிரின்ட்" என்பார். வீட்டுக்கு வந்து போட்டால் மெனு முழுக்க ஜப்பான் எழுத்து. திரும்பப் போய் மாற்றுவதற்குப் பஸ் செலவு டிஸ்க் விலையைத் தாண்டும். அதனால் ஜப்பான் மெனுவிலேயே பழகினவர்கள் ஏராளம். மூன்றாவது வரியில் எக்ஸ், அடுத்து கீழே இரண்டு தட்டு, திரும்ப எக்ஸ் என்று கைக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. அதில் கத்துகிறவர் ஜான் கபிரா. அவர் கோலுக்குக் கூவுவது புரிய ஜப்பான் மொழி தேவையில்லை. ஐரோப்பிய டிஸ்க்கில் பீட்டர் பிராக்லி, ட்ரெவர் ப்ரூக்கிங் இருவரும் நிதானமாகப் பேசுவார்கள். எனக்குக் கபிராதான்.

கேம் கடைகளின் சட்டதிட்டங்கள் என்ன?

ஏரியாவுக்கு ஏரியா மாறும். பெரும்பாலும் மணிக்கு இருபது, முப்பது ரூபாய். பழைய பிரவுசிங் சென்டரின் பாதியை மறைத்து, இருபத்தோரு இன்ச் பெட்டி டிவி, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, மின்விசிறி. ஜாய்ஸ்டிக்கின் இடது அனலாக் குச்சியில் ரப்பர் தேய்ந்து வெள்ளை பிளாஸ்டிக் தெரியும். அதனால்தான் நிறையப் பேர் அதைத் தொடாமல் அம்புப் பொத்தானிலேயே ஆடக் கற்றார்கள். கட்டைவிரல் ஓரத்தில் காய்ப்பு வரும்.

தோற்றவன் எழுந்திருக்க வேண்டும். ஜெயித்தவன் உட்கார்ந்தே இருக்கலாம், ஆனால் தோற்றவன்தான் காசு. ஒரே டீமை இரண்டு பேரும் எடுக்கக் கூடாது. எதிராளி ஆட்டத்தை நிறுத்திவைத்து டீம் மாற்றும்போது திரையைப் பார்க்கக் கூடாது, பார்த்தான் என்று சந்தேகம் வந்தாலே சண்டை. பின்னால் நிற்கிறவன் "லெஃப்ட்ல ஆள் இருக்கான்டா" என்று சொன்னால் அவனும் அரைப் பங்கு காசு கொடுக்க வேண்டும். இந்தக் கடைசிச் சட்டம் எங்கள் பக்கத்தில் மட்டும்தான் இருந்ததோ என்னவோ, நல்ல சட்டம்.

மின்வெட்டு இல்லாமல் இந்தப் பதில் முடியாது. 2012ல் சென்னைக்கே தினம் இரண்டு மணி நேரம் கரண்ட் கட் இருந்தது. எத்தனை மணிக்குப் போகும் என்று ஏரியாவாரியாகத் தெரியும். ஆனால் மாஸ்டர் லீக் ஃபைனல் அதைப் பார்த்தா வரும்? சேவ் செய்யாமல் போன சீசன்களுக்கு மின்வாரியத்தைத் திட்டியதில் பாதிக்கு நாங்களே பொறுப்பு.

இந்தியா டீம் இருந்ததா?

பெஸ் 6ல் இல்லை. ஜப்பான், தென்கொரியா, ஈரான், சவூதி அரேபியா இருந்தன. அங்கேதான் அந்த 18 வெற்று டீம்கள் கைகொடுத்தன. வியாசர்பாடி, ராயபுரம், பெரம்பூர் என்று ஏரியாவுக்கு ஒரு டீம் போட்டு, ஆட்களுக்குத் தெருப் பசங்களின் பெயரை வைத்து ஒரு 'வட சென்னை லீக்' நடத்தினவர்களை எனக்குத் தெரியும். யாருக்கு எத்தனை எண் கொடுப்பது என்பதில்தான் நட்பே முறியும். "எனக்கு ஸ்பீடு 78ஆ? நான் உன்னைவிட வேகமா ஓடுவேன்டா" என்று மாடியிலிருந்து இறங்கித் தெருவில் ஓடிக் காட்டினார்கள்.

வியாசர்பாடி பற்றித் தெரியாதவர்களுக்கு: சென்னையில் கிரிக்கெட்டை விட ஃபுட்பால் ஓங்கி நிற்கும் இடம். சென்னையின் எஃப்.சி.க்கும் இந்தியாவுக்கும் ஆடிய தன்பால் கணேஷ், இந்தியாவுக்கு ஆடிய நந்தகுமார் சேகர் இருவரும் அங்கிருந்து வந்தவர்கள். சென்னையின் எஃப்.சி. 2014ல் தொடங்கி, 2015லும் 2017-18லும் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கோப்பை வென்றது. அந்த ஐ.எஸ்.எல். ஒரு பெரிய கேமுக்குள் முழு லீக்காக வந்து சேர ஃபிஃபா 22 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நேரு ஸ்டேடியம் கேலரியில் நின்று கத்தினவனுக்கு நீலச் சட்டையைத் திரையில் பார்ப்பது ஒரு சுகம்தான். பெஸ்காரன் என்றாலும் இதில் ஃபிஃபாவுக்கு ஒரு கும்பிடு.

எக்ஸ்பாக்ஸ் 360ல் வந்த பெஸ் 6 இன்னும் நன்றாக இருக்குமா?

பளபளப்பு கூடுதல், சரக்கு குறைவு. எடிட் மோடைப் பெருமளவு வெட்டிவிட்டார்கள். கம்ப்யூட்டர் பதிப்பு பிளேஸ்டேஷன் 2 பதிப்பின் வழியில் வந்தது, அதுதான் நல்லது. ரசிகர்கள் செய்த கிட்சர்வர் என்ற மென்பொருளைச் சேர்த்தால் ஜெர்சி, பந்து, ஸ்டேடியம் எல்லாவற்றையும் மாற்றலாம்.

அப்புறம் ஏன் விழுந்தது?

அடுத்த தலைமுறைப் பெட்டிகளுக்கு மாறும்போது தடுக்கி விழுந்தது. 2007ல் வந்த பெஸ் 2008 பிளேஸ்டேஷன் 3ல் திக்கித் திக்கி ஓடியது. அதே சமயத்தில் ஈ.ஏ. தன் கேமை அடியிலிருந்து திரும்பக் கட்டியது. ஃபிஃபா 09, 10 வந்தபோது நல்ல ஆட்டமும் அங்கே, லைசென்ஸும் அங்கே. பந்து தனி, ஆள் தனி என்று மேலே சொன்னேனே, அந்த வித்தையை அவர்கள் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

பிளேஸ்டேஷன் 2க்கும் பெஸ் தொடர்ந்து வந்தது, 2013ல் பெஸ் 2014 வரைக்கும். 2021ல் கோனாமி அந்தப் பெயரையே விட்டு இஃபுட்பால் என்று மாற்றி, இலவசமாக விட்டது. முதல் நாள் வெளிவந்த நிலையைப் பார்த்து உலகமே சிரித்தது, முகங்கள் அப்படி. ஈ.ஏ.வும் ஃபிஃபா அமைப்போடு பிரிந்து, 2023லிருந்து எஃப்.சி. என்ற பெயரில் விற்கிறது. ஆக, கடையில் சண்டை போட்ட இரண்டு பெயரும் இன்று பழைய அர்த்தத்தில் இல்லை.

இன்றைக்கு ஆட என்ன வழி?

எந்த ஆன்லைன் கடையிலும் காசு கொடுத்து பெஸ் 6ஐ டவுன்லோடு செய்ய முடியாது. ஆட்கள், கிளப்புகளின் உரிமம் முடிந்துபோன கேமைத் திரும்ப விற்பது கஷ்டம். பழைய ஒரிஜினல் டிஸ்க் கிடைத்தால் விடாதீர்கள். கம்ப்யூட்டரில் பி.சி.எஸ்.எக்ஸ்.2 என்ற எமுலேட்டர் (பிளேஸ்டேஷன் 2 போல நடிக்கும் மென்பொருள்) நன்றாக ஓடும். அதற்கு உங்கள் சொந்தப் பெட்டியிலிருந்து எடுத்த பயாஸ் (பெட்டியைத் தொடக்கிவைக்கும் மென்பொருள்) கோப்பு வேண்டும்.

மெமரி கார்டில் என் பழைய மாஸ்டர் லீக் இருக்குமா?

இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஒரிஜினல் 8 எம்.பி. கார்டுகள் கெட்டியானவை, பிளாட்ஃபாரத்தில் வாங்கிய 64 எம்.பி. கார்டுகளை நம்பாதீர்கள். முனையில் இருக்கும் செம்புக் கோடுகளைப் பென்சில் அழிப்பானால் லேசாகத் தேய்த்துவிட்டு, ஊதி, பிறகு சொருகுங்கள். 'டேட்டா கெட்டுவிட்டது, ஃபார்மேட் செய்யட்டுமா' என்று கேட்டால் உடனே ஆமாம் போடாதீர்கள். வெளியே எடுத்து, இரண்டாவது ஸ்லாட்டில் போட்டுப் பாருங்கள்.

புது டிவியில் போட்டால் பொத்தானை அழுத்திக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் அடிக்கிறான். பெட்டி கெட்டுவிட்டதா?

பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது, டிவிதான் தாமதம் செய்கிறது. பிளேஸ்டேஷன் 2 அனுப்புவது பழைய அனலாக் படம், அதை எல்.இ.டி. டிவி தன் அளவுக்கு மாற்ற நேரம் எடுக்கும். டிவி மெனுவில் கேம் மோட் இருந்தால் போடுங்கள். மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயருக்குப் பதில் ஐந்து முனை காம்போனன்ட் கேபிள் போட்டால் படம் தெளியும். மலிவான எச்.டி.எம்.ஐ. கன்வர்ட்டர் வாங்கினால் மங்கலும் சேரும், தாமதமும் கூடும். சித்தப்பா வீட்டிலோ பழைய சாமான் கடையிலோ பெட்டி டிவி ஒன்று கிடைத்தால் கேள்வியே வேண்டாம், ஆட்டோ பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். முப்பது கிலோ இருக்கும், இரண்டு பேர் போகவும்.